டயாதெர்மி அறையில் வேலை செய்யும் கர்ப்பிணிக்கு எலி ஆய்வுகள் சொல்வது என்ன?

மலைப்பாதை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டுக்கு அருகில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூர் எனக்குச் சொந்த ஊர். சேலத்தில் ஒரு தனியார் இயன்முறை மருத்துவ நிலையத்தில் ஐந்தாண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றுகிறேன். இப்போது எனக்குப் பத்தாவது வாரம் நடக்கிறது. இது முதல் குழந்தை.

எங்கள் நிலையத்தில் இரண்டு டயாதெர்மி இயந்திரங்கள், அதாவது மின்காந்த அலையால் உடலின் உள்பகுதியைச் சூடேற்றி வலியைக் குறைக்கும் இயந்திரங்கள், இருக்கின்றன. 27.12 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஷார்ட்வேவ் இயந்திரத்தில் இரண்டு பேடுகளும் நீண்ட கேபிள்களும் உண்டு; மற்றொன்று 2450 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் இயந்திரம். முழங்கால் தேய்மானம், தோள் இறுக்கம், கழுத்து வலி என்று நாள்தோறும் எட்டுப் பத்துப் பேர் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதினைந்து முதல் இருபது நிமிடம் வைக்கிறோம். சிகிச்சைக் கட்டிலுக்கும் நான் உட்கார்ந்து எழுதும் மேசைக்கும் இடையில் ஒரு துணித் திரை மட்டுமே தொங்குகிறது.

வேறு பணி தரும்படி உரிமையாளரிடம் கேட்டேன். இது எக்ஸ்ரே அன்று, வெறும் சூடுதான், கருவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் முடித்துவிட்டார். அதே வாரம் உறவினர் ஒருவர், நுண்ணலை (மைக்ரோவேவ்) பட்ட எலிகளின் குட்டிகளுக்கு மண்டையோடு மூடாமல் மூளை வெளியே தெரிந்தது என்று ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். அதைப் படித்த என் அத்தை வீட்டிலிருந்த மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார். என்மீது உள்ள அக்கறையால்தான் செய்தார் என்பதால் நானும் மறுக்கவில்லை.

ஒருவர் ஒன்றுமே ஆகாது என்கிறார், இன்னொருவர் அஞ்சி நடுங்குகிறார். படிக்கும் காலத்தில் கர்ப்பிணி நோயாளிக்கு டயாதெர்மி கொடுக்கக் கூடாது என்று மனப்பாடம் செய்தோம். இயந்திரத்தை இயக்குபவளே கர்ப்பிணியாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. அந்த எலி ஆய்வுகள் உண்மையில் நடந்தவையா? நடந்திருந்தால், எவ்வளவு கதிர்வீச்சில் என்ன நேர்ந்தது? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

சேர்வராயன் அடிவாரம்

அம்மா, உங்கள் உறவினர் அனுப்பிய செய்தியில் உள்ள ஆய்வு பொய்யன்று. ஆனால் எத்தனை வாட், எவ்வளவு நேரம், தாய் எலியின் உடல் வெப்பம் எவ்வளவு உயர்ந்தது என்ற மூன்றையும் விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மூன்றும் இல்லாமல் அந்த முடிவுக்குப் பொருளே இல்லை. நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து, அங்கிருந்த விலங்கு இல்லத்தையும் இருபது ஆண்டுகள் கவனித்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் உரிமையாளர் சொன்னதில் உள்ள உண்மையை ஏற்றுக்கொள்வோம். 2450 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் ஒரு ஒளித்துகளுக்கு உள்ள ஆற்றல், ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவதற்குப் பத்து எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஆற்றல் வேண்டும். ஆகவே எக்ஸ்ரே மரபணுவை நேரடியாக முறிப்பது போல நுண்ணலை முறிப்பதில்லை. ஆனால் ‘வெறும் சூடுதான்’ என்ற சொல்லில்தான் அவர் தவறுகிறார், ஏனென்றால் வளரும் கருவுக்குச் சூடு என்பது சிறிய விஷயமே அன்று.

நீங்கள் குறிப்பிட்ட மூளை வெளித்தள்ளிய குட்டிகளை 1970களில் அமெரிக்காவில் ராபர்ட்ஸ் ரக் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். கருவுற்ற சுண்டெலியை அலைவழிகாட்டி என்னும் உலோகக் குழாய்க்குள் வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 123 மில்லிவாட் அளவில் சில நிமிடங்கள் 2450 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலையைச் செலுத்தினார்கள். தாய் எலியே தாங்க முடியாத எல்லையை நெருங்கும் அளவு அது. 1978இல் எஸ்ரா பெர்மன் குழுவினர் அதே அதிர்வெண்ணில், சதுர சென்டிமீட்டருக்கு 3.4 முதல் 28 மில்லிவாட் வரை, நாளொன்றுக்கு 100 நிமிடம் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, உச்ச அளவான 28 மில்லிவாட்டில் கருக்குட்டிகளின் எடை குறைந்திருந்தது. பிறகு அதே 28 மில்லிவாட்டை அவர்கள் பெரிய ஆய்வக எலிகளுக்குக் கொடுத்தபோது ஊனம் எதுவும் காணப்படவில்லை. அதே அலை, அதே அளவு. விலங்கு மாறியதும் விளைவு மாறியது.

காரணம் உடலின் அளவு. 2450 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். சுண்டெலியின் உடல் நீளம் அந்த அலையோடு ஏறக்குறைய ஒத்திசைந்து நிற்பதால் அது ஆற்றலை அப்படியே விழுங்கிக்கொள்கிறது. அதன் கருப்பையும் தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில்கூட இல்லை. மனித உடலில் அதே அலை தசைக்குள் இரண்டு சென்டிமீட்டர் அளவு செல்வதற்குள் பெரும்பகுதி வலுவிழந்துவிடும். இதனால்தான் காற்றில் வரும் மில்லிவாட்டைக் காட்டிலும், ஒரு கிலோ உடலெடை எத்தனை வாட்டை உறிஞ்சியது என்ற கணக்கை அறிவியலார் நாடுகிறார்கள்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கிய ஆய்வு, என் கருத்தில், ஜோசப் லேரி குழுவினர் அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நல நிறுவனத்தில் 1980களில் செய்தது. உங்கள் ஷார்ட்வேவ் இயந்திரத்தின் அதே 27.12 மெகாஹெர்ட்ஸைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்து, தாயின் உள்வெப்பத்தை வெவ்வேறு அளவுகளுக்கு ஏற்றி, ஒவ்வோர் அளவிலும் கருக்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். தாயின் வெப்பம் 41.5 டிகிரி செல்சியஸை எட்டியபோது கரு இறப்பும் பிறவி ஊனமும் தலைகாட்டின. அதற்கு மேல் போகப்போகக் கூடின. அந்த வெப்பத்தில் நீடித்த நேரம் கூடக்கூடச் சேதமும் கூடியது. அதே குழுவினர் 100 மெகாஹெர்ட்ஸில் கிலோவுக்கு 0.4 வாட் மட்டும் உறிஞ்சும்படி, வெப்பம் ஏறாமல் கொடுத்தபோது கருக்களில் வேறுபாடு எதையும் காணவில்லை. பிலடெல்பியாவில் ரொனால்ட் ஜென்ஷ் குழுவினர் 915 மற்றும் 2450 மெகாஹெர்ட்ஸில், தாய் எலியின் வெப்பம் ஏறாத அளவுகளில் நாள்தோறும் பல மணி நேரம் கொடுத்துப் பார்த்தபோதும் ஊனங்கள் தோன்றவில்லை.

நுண்ணலையே இல்லாமல் இதே சேதத்தை உண்டாக்க முடியும் என்பதை ஆஸ்திரேலியாவில் மார்ஷல் எட்வர்ட்ஸ் 1960களிலிருந்து கினிப்பன்றிகளில் காட்டினார். சூடான பெட்டியில் தாயை வைத்து உள்வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்தியதற்கே சிறுத்த மூளையுடன் குட்டிகள் பிறந்தன. என் சொந்த அனுபவத்தில், சித்திரை மாதத்தில் மின்சாரம் நின்று, தகரக் கூரையின் கீழ் இருந்த எங்கள் எலி அறை வெந்துபோன ஓர் ஆண்டில், சினையாக இருந்த எலிகள் பல எதிர்பார்த்த நாளில் ஈனவே இல்லை. அறுத்துப் பார்த்தபோது கருப்பைச் சுவரில் கருக்கள் உட்கரைந்துபோன தழும்புகள் வரிசையாக இருந்தன. அந்தக் காட்சி இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

கரு வியர்க்க முடியாது. அதன் உடல் எப்போதும் தாயைவிட அரை டிகிரி அளவு கூடுதல் சூட்டில்தான் இருக்கும், அந்தச் சூடும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்துக்கு வந்துதான் வெளியேற வேண்டும். தாயே சூடேறினால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பிளவுபட்டுப் பெருகிக்கொண்டிருக்கும் நரம்புச் செல்கள்தான் முதலில் மடிகின்றன.

அஸ்தம்பட்டி இயன்முறை

சகோதரி, நானும் இதே தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருக்கிறேன். என் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது உங்கள் இடத்தில் நின்றிருக்கிறேன். ஐயா எலிகளைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நம் தொழிலில் உள்ள பெண்களையே வைத்துச் செய்த கணக்கெடுப்புகளும் இருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

1993இல் அமெரிக்காவில் பெண் இயன்முறை மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில், கருவுற்ற தொடக்கத்தில் மைக்ரோவேவ் டயாதெர்மி இயந்திரத்தைக் கையாண்டவர்களிடம் கருச்சிதைவு சற்றே கூடுதலாகக் காணப்பட்டது; ஷார்ட்வேவ் இயந்திரத்தைக் கையாண்டவர்களிடம் அப்படிக் காணப்படவில்லை. அதற்கு முன்பு 1991இல் டென்மார்க்கில், ஷார்ட்வேவ் பட்ட பெண்களுக்கு ஆண் குழந்தைகள் குறைவாகப் பிறந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. பிறகு ஸ்விட்சர்லாந்தில் சரிபார்த்தபோது அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. அமெரிக்க ஆய்வு, நடந்து முடிந்த பிறகு நினைவிலிருந்து கேட்டுத் தொகுத்தது என்ற குறையும் உண்டு. இவற்றை வைத்து அஞ்சி வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் இவை இருக்கும்போது, ‘ஒன்றும் ஆகாது’ என்று ஓர் உரிமையாளர் சொல்வதற்கும் இடமில்லை.

இப்போது அறைக்கு வருவோம். நோயாளியின் உடலுக்குள் போவதைவிட, ஷார்ட்வேவ் இயந்திரத்தின் கேபிளைச் சுற்றியும் பேடுகளின் ஓரத்திலும் கசியும் மின்காந்தப் புலம்தான் நமக்கு ஆபத்து. துணித் திரை அதைத் தடுக்காது. தூரம் மட்டுமே தடுக்கும். இயந்திரத்தையும் கேபிளையும் விட்டுக் குறைந்தது ஒரு மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்று நம் தொழில் வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்கின்றன. கர்ப்பிணி இன்னும் தள்ளி இருப்பதும், இயந்திரத்தை இயக்காமலேயே இருப்பதும் நல்லது. பேடு வைத்து, கேபிளைச் சரிசெய்து, எல்லாம் முடிந்த பிறகு இயந்திரத்தை இயக்கிவிட்டு உடனே அறையை விட்டு வெளியேற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது குனிந்து பேடைத் திருத்தும் பழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. அந்தச் சில நொடிகளில்தான் வயிறு கேபிளுக்கு மிக அருகில் போகிறது. சிகிச்சைக் கட்டில் இரும்பாக இருந்தால் மரக்கட்டிலாக மாற்றச் சொல்லுங்கள், உலோகம் புலத்தை வேண்டாத திசைக்கு இழுத்துச் செல்லும்.

ஐந்து ரோடு அலைவரிசை

வானொலி அலைவரிசைத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் சில அளவுகளை மட்டும் தருகிறேன்.

விலங்குகளில் உள்வெப்பம் ஒரு டிகிரி அளவு உயர்ந்து நடத்தை மாறத் தொடங்கும் எல்லையாகக் கிலோவுக்கு 4 வாட் என்ற அளவு கொள்ளப்பட்டது. அதிலிருந்து பத்து மடங்கு குறைத்துத் தொழிலாளருக்கு 0.4 வாட் என்றும், ஐம்பது மடங்கு குறைத்துப் பொதுமக்களுக்கு 0.08 வாட் என்றும், இத்தகைய அலைகளிலிருந்து பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் (ICNIRP) வரம்பு வைத்தது. 2020இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில் அந்த ஆணையம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வயிற்றில் உள்ள கரு, தாய் எந்தத் தொழிலில் இருந்தாலும், பொதுமக்களில் ஒருவராகவே கருதப்பட வேண்டும். அதாவது நீங்கள் தொழிலாளி என்பதால் ஐந்து மடங்கு கூடுதல் அளவை உங்கள்மீது சுமத்த முடியாது. உரிமையாளரிடம் பேசும்போது இந்த ஒரு வரி உங்களுக்குப் பலமாக இருக்கும்.

லேரி குழுவினர் எலிகளைச் சூடேற்றப் பயன்படுத்திய மின்புலம் மீட்டருக்கு 300 வோல்ட்; 27.12 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கான 1998ஆம் ஆண்டு வரம்பு மீட்டருக்கு 28 வோல்ட். பெர்மனின் 28 மில்லிவாட்டுக்கு எதிரே, 2450 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட். உங்கள் மேசை எத்தனை வோல்ட் புலத்தில் இருக்கிறது என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும். தூரம் கூடும்போது அது மிக விரைவாகக் குறையும் என்பது மட்டும் உறுதி.

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றி: பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. கதவும் அதன் ரப்பர் விளிம்பும் கெடாமல் இருந்து, ஓடும்போது இரண்டடி தள்ளி நின்றால் அந்த அடுப்பு உங்கள் கவலைப் பட்டியலில் கடைசியில் வர வேண்டியது.

ஆய்வு மாணவி, சூரமங்கலம்

பெரியவர் எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் வெப்பம் ஏறாவிட்டால் எதுவுமே இல்லை என்று படிப்பவர்கள் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், எலிகளுக்குத் தாயின் வயிற்றிலிருந்தே 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைகள், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர அளவில், கிலோவுக்கு 1.5, 3, 6 வாட் என்ற மூன்று அளவுகளில் கொடுக்கப்பட்டன. உள்வெப்பம் அதிகம் ஏறாதபடி முன்கூட்டியே சோதித்துத்தான் அந்த அளவுகளைத் தேர்ந்தார்கள். அப்படியிருந்தும் கதிர்வீச்சு பெற்ற தாய்களின் குட்டிகள் பிறக்கும்போது எடை குறைந்திருந்தன; வளர வளர இயல்பான எடையை எட்டின. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2023இல் செய்யப்பட்ட தொகுப்பாய்வும், ஈற்றின் குட்டி எண்ணிக்கை குறைவதில்லை, ஆனால் கருவின் எடையில் பாதிப்பு இருக்கக்கூடும் என்றும், பிற்கால நடத்தையிலும் பாதிப்பு இருக்கலாம் என்றும்தான் சொல்கிறது.

நடத்தையைப் பற்றிப் பரவலாகப் பேசப்பட்டது 2012இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹியூ டெய்லர் குழுவினர் செய்த சுண்டெலி ஆய்வு. கூண்டின் மேல் கைப்பேசியை அழைப்பில் வைத்திருந்தார்கள். பிறந்த குட்டிகள் பிற்காலத்தில் அளவுக்கு மீறித் துறுதுறுப்பாகவும் நினைவாற்றல் குறைந்தும் இருந்தன. அந்த ஆய்வில் ஒவ்வொரு தாய் எலியும் எவ்வளவு ஆற்றலை உறிஞ்சியது என்று நம்பகமாக அளக்கப்படவில்லை என்ற விமர்சனம் நியாயமானதே.

சேர்வராயன் அடிவாரம்

மகளே, நீ எழுதியது சரி; என் பதிலில் விட்டுப்போனதை நிரப்பியிருக்கிறாய். பிறப்பெடைக் குறைவை நானும் ஒதுக்கவில்லை. எடை குறைந்த கரு என்பது ஏதோ ஓர் அழுத்தத்துக்கு உள்ளான கரு என்றே விலங்கு இல்லத்தில் கொள்வோம். கிலோவுக்கு 6 வாட் என்பது சிறிய அளவும் அன்று, தாய் எலி தன் வெப்பத்தை நிலைநிறுத்தவே பெரும் உழைப்பைச் செலவிட்டிருக்கும். அந்த உழைப்பே குட்டியின் எடையைக் குறைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இத்தகைய ஆய்வைப் படிக்கும் எவரும் இரண்டைப் பார்க்க வேண்டும். கூண்டுக்குள் வைத்து, இயந்திரத்தை இயக்காமல், அதே சத்தத்தையும் அடைபடுதலையும் அனுபவித்த ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்பது ஒன்று. எலியைத் தொட்டாலே, இடம் மாற்றினாலே ஈற்று பாதிக்கப்படும், தன் குட்டிகளைத் தாயே தின்ற நாள்களையும் கண்டிருக்கிறேன். மற்றொன்று கணக்கு. ஒரு தாயின் பத்துக் குட்டிகளும் ஒரே கருப்பையில் வளர்ந்தவை. அவற்றைப் பத்துத் தனித்தனி சான்றுகளாக எண்ணினால் இல்லாத விளைவும் இருப்பதாகத் தோன்றும். தாயைத்தான் ஓர் எண்ணாகக் கொள்ள வேண்டும். பழைய ஆய்வுகள் பலவற்றில் இந்தப் பிழை உண்டு.

மலைப்பாதை

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. கருவைப் பொதுமக்களில் ஒருவராகக் கருத வேண்டும் என்ற வரியை எழுதி உரிமையாளரிடம் நேற்று கொடுத்தேன். பேசாமல் படித்தார், மாலையில் மேசையை முன்னறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். நாடா வைத்து அளந்தேன், கேபிளிலிருந்து நான்கு மீட்டருக்கு மேல் வருகிறது, இடையில் ஒரு செங்கல் சுவரும் இருக்கிறது. இனி இயந்திரத்தை என் உடன்பணியாளர் இயக்குவார். நான் உடற்பயிற்சிப் பிரிவை மட்டும் கவனிப்பேன். அத்தையிடம் அடுப்பைப் பற்றிச் சொன்னேன், இன்னும் முழுமையாக நம்பவில்லை.

ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. ஐந்தாவது, ஆறாவது வாரங்களில், கருவுற்றிருக்கிறேன் என்று தெரியும் முன்பே, வழக்கம்போல இயந்திரத்தின் அருகில் வேலை செய்திருக்கிறேன். அது என்னை உறங்க விடுவதில்லை.

சேர்வராயன் அடிவாரம்

அம்மா, அந்த நாள்களில் உங்கள் உடம்பு சுட்டதா? காய்ச்சல் போல உணர்ந்தீர்களா, வியர்த்து மயங்கினீர்களா? இயந்திரத்தின் அருகில் நின்று அப்படி எதுவும் நேரவில்லை என்றால், லேரியின் எலிகளில் நான் விவரித்தது உங்களுக்கு நேர்ந்திருக்க வழியில்லை. அந்த எலிகள் நான்கு டிகிரி அளவு சூடேற்றப்பட்டவை. நீங்கள் அவ்வளவு சூடேறியிருந்தால் படுத்த படுக்கையாகியிருப்பீர்கள். கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய், கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரத்தோடு மூடிவிடும். பதினெட்டாவது வாரத்தை ஒட்டி எடுக்கும் ஸ்கேனில் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் மருத்துவர் தெளிவாகப் பார்த்துவிடுவார். இந்த வேலையைப் பற்றி மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

இனிமேல் பார்க்க வேண்டிய வெப்பம் வேறு. 1992இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் சுடுநீர்த் தொட்டியில் அமர்ந்த பெண்களின் குழந்தைகளிடம் நரம்புக்குழாய்க் குறை கூடுதலாக இருந்தது. காய்ச்சலும் ஆபத்தைக் கூட்டியது. ஏற்காட்டுக் குளிரிலிருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்து வெயிலுக்கு வருகிறீர்கள். நண்பகலில் வெளியே அலையாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். வீட்டில் ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள்; 38 டிகிரியைத் தாண்டினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.